கொயினா டப்பா

"உன்ற புருசனைக் கொண்டாந்திருக்கேன். எங்க எறக்கறது?"

கருப்பண்ணன் வாசலில் நின்று கேட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் மூங்கிலில் கட்டிய கம்பளித் தூளியைத் தோளில் சுமந்தபடி மூச்சு வாங்கினார்கள். சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். தூளிக்குள் கிடப்பது ஆளா விறகுக்கட்டா என்று சொல்ல முடியாதபடி அது சுருண்டிருந்தது.

கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அத்தாயி முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எந்தப் புருசன், மாமா?"

"உனக்கு எத்தனை பேரு? சின்னராசுதான்."

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன சின்னராசு அங்கே பொன்னாயி என்கிறவளோடு குடித்தனம் நடத்துகிறான் என்பது வளப்பூர் நாட்டில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சேதி. இந்தப் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்தே பல வருடம் ஆயிற்று.

"சந்தைக்கு மொளகு கொண்டுபோனேன். சந்தைக் கொட்டாயில நாய்க்குப் பக்கத்துல கெடந்தான். தோட்டத்துல நோக்காட்டுக்காரனை வெச்சுக்க மாட்டாங்களாம், தொரத்திப்போட்டாங்க. அந்தப் பொன்னாயி எங்கே போனாளோ." கருப்பண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அவர் ஊர்க்கவுண்டர், சின்னராசுக்குச் சித்தப்பன் முறையும்கூட. "வைத்தியர் பாத்தாரு. முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உச்சிப்பொழுதுக்கு வருது. இன்னிக்கு வழியிலயே வந்துபோச்சு, தூளியே கழண்டு விழுகிற மாதிரி நடுங்கினான். நாளைக்குச் சும்மா கெடப்பான். நாளன்னிக்கு வருமே, அதைத் தாங்க மாட்டான்னு கையை விரிச்சுட்டாரு."

அத்தாயி முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"இங்க பாரு கண்ணு. உனக்கு வேண்டாம்னா சொல்லு, என்ற கொட்டாயில போட்டுக்கறேன். எரவாணத்துல சொருகி வெச்சிருக்கியே, அதை எடுத்து இப்பவே முறி. முறிச்சுட்டா அவன் ஆரோ, நீ ஆரோ."

எல்லோருடைய கண்ணும் கூரைக்குப் போயிற்று. எரவாணத்தில் ஒரு தினைத்தாள் செருகியிருந்தது. மலையில் தாலி தீர்ப்பதற்கு வழக்கு வம்பு கிடையாது. ஊர்க்கவுண்டர் ஒரு துரும்பைக் கொடுப்பார், பெண்பிள்ளை அதை நாலு பேர் முன்னால் இரண்டாக முறித்துப் போட்டால் தீர்ந்தது, பிறகு அவள் மனசுக்குப் பிடித்தவனோடு போகலாம், யாரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசமாட்டார்கள். போன அறுப்பு முடிந்ததும் கருப்பண்ணன் பலாமரத்தடியில் ஆட்களைக் கூட்டி அத்தாயி கையில் துரும்பைக் கொடுத்தார். எந்த மனுசனுக்காக அதைக் கொடுத்தார் என்பதும் ஊருக்குத் தெரியும். அத்தாயி அதை முழுசாகத் திருப்பி நீட்டினாள்.

"சாமியாரு கைபிடிச்சு வெச்ச கல்யாணமுங்க மாமா. சாவு பிரிக்கிற மட்டும்னு சர்வேசுரனுக்கு முன்னால சொல்லியிருக்கேன்."

"நீயே வெச்சுக்க. மனசு மாறினா முறி" என்று அவர் எழுந்துபோனார். அன்றிலிருந்து ஊருக்குள் அவளுக்குத் 'துரும்பு முறிக்காதவ' என்று பெயர். பாதிப் பேர் அதைக் கேலியாகச் சொன்னார்கள், பாதிப் பேர் கும்பிட்டுச் சொன்னார்கள். கும்பிட்டுச் சொன்னது அத்தாயிக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

"உள்ள எறக்குங்க" என்றாள் இப்போது.

பக்கத்து வீட்டு மாதம்மாள் அதற்குள் ஓடிவந்துவிட்டாள். மாதம்மாள் காதில் விழுந்தது ஊர்ச் சாவடியில் விழுந்த மாதிரி. தூளிக்குள் எட்டிப் பார்த்து, "அடச் சாமி! மாப்பிள்ளையா போனவன் மரவள்ளிக் கெழங்காட்டம் வந்திருக்கானே!" என்று வாயைப் பொத்தினாள். பிறகு சட்டென்று, "ஏம்புள்ளே, சாமியாரு உங்கிட்டக் குடுத்துவெச்ச கசப்பு மருந்து இருக்குமே? அதைக் குடுத்தா நின்னுபோகுமல்லோ?"

"தீந்துபோச்சுங்க்கா."

யோசித்துச் சொன்ன சொல் அல்ல. தும்மல் வருவதுபோல் வந்தது. சொன்ன பிறகுதான் தன் குரலில் நடுக்கமே இல்லை என்பது அத்தாயிக்கு உறைத்தது.

"தீந்துபோச்சா? அப்ப அவன் விதி" என்று கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மருந்து தீரவில்லை.

ஊர் மேட்டில் வேதக்காரர் எனப்பட்ட கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு கூரைக் கொட்டகை கோயிலாக இருந்தது. மலையில் வேதத்துக்கு வந்தவை நாலைந்து குடும்பம். காய்ச்சலில் போனவர் போக, பழையபடி திரும்பியவர் திரும்ப, அங்கே முழங்காலில் நிற்க மிஞ்சியது அத்தாயி ஒருத்திதான். அவள்தான் பெருக்குவாள், மெழுகுவாள், சாவி அவள் இடுப்பில். பாதிரிச் சாமியார் வருஷத்துக்கு இரண்டு தரம் குதிரைப் பாதையில் ஏறிவருவார். போன வருஷம் ஒரு தரம் வந்தபோது ஒரு பிஸ்கோத்து டப்பாவில் காய்ச்சலை நிறுத்தும் கொயினா மாத்திரைகளைப் போட்டுத் தேவமாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு, "மதலேன், சண்டை வந்ததிலிருந்து இது தங்கம். எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது. ஆனாலும் கேட்கிறவனுக்குக் கொடு. வேதக்காரனா, மற்றவனா என்று பார்க்காதே" என்றார். மதலேன் என்பது அவளுடைய ஞானஸ்நானப் பெயர். அவரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அந்த டப்பாவிலிருந்து அவள் கொடுத்தது ஒரே ஒருவருக்கு, அர்த்தனாரிக்கு. மேலக்காட்டில் மிளகு போட்டிருந்த ஆள், பெண்டாட்டி செத்தவர். காய்ச்சலில் விழுந்து பினாத்திக் கிடந்தபோது இவள்தான் போய்க் கொடுத்தாள். பிழைத்து எழுந்தவர் இவள் வேலியைக் கட்டினார், கூரை வேய்ந்தார், அவள் கேட்காமலே விறகு பிளந்து போட்டார். ஒரு நாளும் கை பட நின்றதில்லை. அவர் போன பிறகு கோடாலிப் பிடியைத் தொட்டால் சூடு இருக்கும். அந்தச் சூட்டை அத்தாயி தொட்டிருக்கிறாள். அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் இருக்கிறாள். துரும்பு வந்தது இவருக்காகத்தான்.

மறுநாள் காய்ச்சல் இல்லாத நாள். சின்னராசு கண்ணை மூடிக் கிடந்தான். மூச்சு வருகிறதா என்று அத்தாயி அடிக்கடி குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு தரம் குனியும்போதும் எதைப் பார்க்க ஆசைப்பட்டுக் குனிகிறோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

காலையில் கொட்டகையைத் திறந்து செபமாலையை எடுத்தாள். கண் டப்பா பக்கம் போகாமல் மாதாவின் முகத்தையே பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். அருள் நிறைந்த மந்திரத்தில், "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்துக்கு வந்ததும் நாக்கு நின்றுபோயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடம். வண்டிச் சக்கரம் கல்லில் முட்டுவதுபோல் முட்டியது.

அப்போது உள்ளுக்குள் ஒரு குரல் பேசிற்று. அவள் குரல்தான், ஆனால் அவளைவிடக் கெட்டிக்காரக் குரல்.

'நீ என்ன வெசமா வெச்சே? கழுத்தையா நெரிச்சே?'

'இல்லை.'

'பாவம்னா என்ன? நினைவால, வாக்கால, கிரியையால பண்றது. அப்படித்தானே மந்திரத்துல சொல்றே? நீ என்ன கிரியை பண்ணினே? சும்மா இருக்கறே. சும்மா இருக்கறது பாவம்னு பத்துக் கற்பனைக் கட்டளையில எங்கே இருக்குது?'

அத்தாயி செபமாலையைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள்.

வீட்டுக்கு வந்தால் வேலியோரம் அர்த்தனாரி நின்றிருந்தார். தோளில் ஒரு பலாப்பழம்.

"வாங்க" என்றாள்.

அவர் பழத்தை இறக்கி வைத்தார். கண் வழக்கம்போல எரவாணத்துக்குப் போய்த் திரும்பிற்று. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"மாதம்மாள் சொன்னா. மருந்து தீந்துபோச்சாமே."

அத்தாயி பலாப்பழத்தின் முள்ளைப் பார்த்தாள்.

"எனக்குக் குடுத்தப்போ டப்பா குலுங்குச்சு. பாதிக்கு மேல இருந்துச்சு."

"ஆமாங்க."

"அப்புறம் ஆருக்குக் குடுத்தே?"

"ஆருக்கும் இல்லீங்க."

உள்ளே சின்னராசு இருமினான்.

"எலி தின்னிருக்கும்" என்றார் அர்த்தனாரி.

"கொயினாவை எலி தின்னுமாங்க?"

"தின்னாலும் தின்னும். ஆரு கண்டா?" அவர் குரல் தணிந்தது. "நான் ஒண்ணும் கேக்கலை, அத்தாயி. கேட்டதா நீயும் வெச்சுக்க வேண்டாம். அவன் உசுரோட இருக்கற மட்டும்னு உன்ற சாமியாரு சொன்னாரு. சரின்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்த 'மட்டும்' நாளைக்கு உச்சியோட முடியுது. நீ துரும்பு முறிக்க வேண்டாம். உன்ற வேதமும் கெடாது. நானும் வேதத்துக்கு வாரேன், தலையில தண்ணி ஊத்திக்கறேன். அந்தச் சாமியாரே அந்தக் கொட்டாயிலேயே கைபிடிச்சு வெக்கட்டும்."

இவ்வளவு சேர்ந்தாற்போல் அவர் பேசி அவள் கேட்டதில்லை. அவர் விரல் நகத்தில் மிளகுக்கொடியின் பச்சைக் கறை இருந்தது. அந்தக் கையை ஒரு தரம், ஒரே ஒரு தரம், கன்னத்தில் வைத்துக்கொண்டால் என்ன என்று உடம்பு முழுக்கக் கேட்டது.

"சொல்லு."

"என்ன சொல்லறதுங்க?"

"ஒண்ணும் சொல்லாட்டிப் போச்சு. நாளைக்கு உச்சிக்கு வாரேன்."

அவர் போன பிறகு உள்ளேயிருந்து, "பொன்னாயி... தண்ணி" என்று குரல் வந்தது. தண்ணீர் கொண்டுபோய் வாயில் ஊற்றினாள். அவன் கண் திறக்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எங்கேயும் போயிராதே, பொன்னாயி" என்றான். அத்தாயி கையை உருவிக்கொண்டாள். மனசு கொதித்தது. 'பாத்தியா? இவனுக்கா குடுக்கப் போறே?' என்றது அந்தக் குரல். அன்று பொழுது போனதும் தெரியவில்லை, அவள் கண்ணை மூடியதும் தெரியவில்லை.

விடிந்து வெயில் வேலிப்படலைத் தொட்டபோது மாதம்மாள் ஒரு சொம்புத் தேனோடு வந்தாள். வாசலுக்கு வெளியே யாரோ மூங்கில் வெட்டிப் போட்டிருந்தார்கள், பச்சையாக, இரண்டு நீளத் துண்டு.

"கவுண்டர் சொல்லி வெட்டிப்போட்டாங்க" என்றாள் மாதம்மாள். "கடைசி நேரத்துல ஓட முடியாதல்லோ. உங்க வேதத்துல பொணத்துக்குப் பாடையா, பெட்டியாடி? கேட்டுட்டு வரச் சொன்னாரு."

அத்தாயி அடுப்பைக் கிளறினாள்.

மாதம்மாள் பக்கத்தில் குந்தினாள். "புள்ளே, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். சொல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது. முந்தாநாள் மருந்து தீந்துபோச்சுன்னு சொன்னியே, அப்ப என்ற பாழும் மனசுல ஒரு நெனப்பு வந்துச்சு. இவ அந்த மேலக்காட்டு ஆளுக்காக ஒளிச்சு வெச்சிருப்பாளோன்னு. அப்புறம் கன்னத்துல போட்டுக்கிட்டேன். சீ நாயே, துரும்பையே முறிக்காத மகராசி, உசுரையா முறிப்பான்னு. நீ என்னை மன்னிச்சுப்போடு."

அடுப்பிலிருந்து புகை கிளம்பி அத்தாயியின் கண்ணில் அடித்தது. அவள் ஊதவில்லை, விலகவில்லை.

துரும்பை நாலு பேர் முன்னால் முறிக்கவில்லை. அதற்குப் பெயர் கிடைத்தது. இதை யாரும் பார்க்கவில்லை. கிரியை இல்லை என்றதே அந்தக் குரல், வாக்கு இருந்ததே! தீந்துபோச்சு என்று சொன்னது யார் வாய்? மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தது யார் நினைவு? நாளைக்கு அந்தச் சுரூபத்துக்கு முன்னால் அர்த்தனாரி கையைப் பிடித்து நிற்கும்போது மாதா காலடியில் அந்த டப்பா இருக்குமே, அப்போது இரண்டு பேரும் எங்கே பார்ப்பது?

"அக்கா, நீங்க நெனச்சது நெசம்" என்றாள்.

"என்னடி?"

"மருந்து இருக்குது. பொய் சொன்னேன்."

மாதம்மாளின் வாய் திறந்தபடி நின்றது. அவள் வாய் பேச்சில்லாமல் திறந்திருந்ததை அத்தாயி பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. மேட்டை நோக்கி ஓடினாள்.

கொட்டகைக் கதவு திறந்தது. முழங்காலில் விழவில்லை. "அப்புறம் வந்து அழுதுக்கறேன், தாயே" என்று சுரூபத்தின் காலடியிலிருந்து டப்பாவை உருவி எடுத்தாள். குலுங்கிற்று. அந்தச் சத்தம் கேட்டதும்தான் பயம் பிடித்தது. நேற்றே கொடுத்திருந்தால் நேற்றே ரத்தத்தில் ஊறியிருக்கும். இப்போது கொடுத்து இன்று உச்சிக்குள் என்ன ஆகும்?

ஓடிவந்தபோது மாதம்மாள் அதற்குள் சின்னராசின் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள். முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் கை வேலை செய்தது. அத்தாயி மாத்திரையை அம்மியில் வைத்து நசுக்கித் தேனில் குழைத்தாள். வாயில் வைத்ததும் அவன் துப்பினான். மறுபடி குழைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "பொன்னாயி குடுத்தாத்தான்... பொன்னாயி எங்கே?" என்று முகத்தைத் திருப்பினான்.

"நாந்தான் பொன்னாயின்னு சொல்லித் தொலையேன்" என்றாள் மாதம்மாள்.

"வேண்டாங்க்கா. சொன்ன பொய்யே போதும்."

"அடி, உனக்கு இப்பத்தான் தருமம் பொங்குதா?" மாதம்மாள் அவன் மூக்கை இறுக்கிப் பிடித்தாள். "டேய், நாந்தான்டா பொன்னாயி! தொற வாயை!"

வாய் திறந்தது. அத்தாயி உள்ளே தள்ளினாள், தண்ணீர் ஊற்றினாள், தொண்டை அசைகிறதா என்று பார்த்தாள். அசைந்தது.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. வெயில் படலிலிருந்து வாசலுக்கு வந்தது, வாசலிலிருந்து படிக்கு வந்தது. கருப்பண்ணன் வந்தார். மாதம்மாள் வாசலிலேயே அவரை மறித்துக் கிசுகிசுத்தது உள்ளே கேட்டது. அவர் நுழைந்து, டப்பாவையும் அத்தாயியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துரும்பு முறிக்காதவன்னு ஊரே சொன்னமே, அம்மணி."

"இனிமேல் அதைச் சொல்ல வேண்டாமுங்க மாமா."

உச்சியில் குளிர் வந்தது. முதலில் விரல் நுனி நீலம் பாய்ந்தது, பிறகு பல் கிட்டியது, பிறகு கட்டில் தரையில் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. இருக்கிற கம்பளி எல்லாவற்றையும் போட்டார்கள். "பிடிங்க, ஆராச்சும் காலைப் பிடிங்க!" என்று அத்தாயி கத்தினாள். யாரோ குனிந்து உள்ளே வந்து காலை அமுக்கிப் பிடித்தார்கள். நகத்தில் பச்சைக் கறை. அர்த்தனாரி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கட்டில் காலடியில் இருந்த டப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தம் முழு எடையையும் கொடுத்து அந்த நடுங்குகிற கால்களைப் பிடித்துக்கொண்டார்.

அத்தாயியின் வாய் தானாக முணுமுணுத்தது. "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்..." இந்தத் தரம் முட்டவில்லை. சர்வேசுரா, எடுக்கறதுன்னா நீ எடு, நான் எடுத்ததா இருக்க வேண்டாம் என்று நடுநடுவே வேண்டிக்கொண்டாள்.

குளிர் போய்ச் சூடு ஏறிற்று. சூட்டில் அவன் கண் மேலே செருகிய இரண்டு தடவையும் மாதம்மாள், "போச்சு" என்றாள். இரண்டு தடவையும் திரும்பி வந்தது. வெயில் படியை விட்டு இறங்கியபோது நெற்றியில் வேர்வை அரும்பிற்று, பிறகு ஊற்றெடுத்தது. கருப்பண்ணன் கழுத்தடியில் கைவைத்துப் பார்த்தார்.

"முந்தாநாள் மாதிரி இல்லை. பாதி வேகங்கூட இல்லை" என்றார். வெளியே போனவர், மூங்கில் துண்டுகளைக் காலால் உருட்டி வேலியோரம் தள்ளினார்.

அர்த்தனாரி எழுந்து கையை உதறிக்கொண்டார். அத்தாயி வாசல் வரை போனாள்.

"எலி தின்னலையா?"

"இல்லீங்க."

"பொழச்சுக்குவானா?"

"பொழச்சுக்குவாருங்க." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க மேல கோவமில்லீங்க. நேத்து நீங்க வாரதுக்கு முன்னாலயே நான் அந்தப் பொய்யைச் சொல்லிப்போட்டேன்" என்றாள்.

அவர் எரவாணத்தைப் பார்க்கவில்லை. "வேலி மேக்கால ஒரு பக்கம் சாஞ்சிருக்குது. ஆளு விட்டுக் கட்டிக்க" என்றார். எப்போதும் 'வாரேன்' என்று சொல்லித்தான் படி இறங்குவார். அன்று, "போறேன்" என்றார். அத்தாயி நிலையைப் பிடித்துக்கொண்டு, அவர் மேலக்காட்டுத் திருப்பத்தில் மறையும் வரை நின்றாள். போகாதீங்க என்று ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. அதையும் விழுங்கினாள். கொயினாவைவிடக் கசந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் சின்னராசு கண் திறந்தான். இந்தத் தரம் கண்ணில் ஆள் இருந்தான். கூரையைப் பார்த்தான், சுவரில் தொங்கிய சிலுவையைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான்.

"அத்தாயியா?"

"ஆமாங்க."

"வாயெல்லாம் கசக்குது."

"கொயினா குடுத்தேன்."

அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "ஏன் குடுத்தே? சாக வுட்டிருந்தா உனக்குச் சுளுவா இருந்திருக்குமே" என்றான்.

"இருந்திருக்கும்" என்றாள் அத்தாயி.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நான் எந்திரிச்சா அவகிட்டத்தான் போவேன், தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்கு?"

அத்தாயி டப்பாவை எடுத்து மூடினாள். நாளை காலைக்கு ஒன்று, சாயந்திரத்துக்கு ஒன்று என்று மனசுக்குள் ஒதுக்கிக்கொண்டாள்.

"கஞ்சி ஆறுது. மொதல்ல குடிங்க" என்றாள்.